ரப்பர்ப் பாலும் கலக்கும் யந்திரமும்

கல்லூரியில் ரசாயனம் பயின்ற நாளில் நான் ஒரு கண்ணாடிக் குடுவையைப் பாழாக்கினேன். இன்றைய பேச்சை அந்தக் குடுவையிலிருந்தே தொடங்குகிறேன்.

ஸ்டைரீன் என்பது நிறமற்றது. மூக்கைத் துளைக்கும் மணமுள்ளது. எண்ணெய் போன்ற திரவம். நீரில் மிகச் சொற்பமாகவே கரையும். அதனைச் சோப்பு நீரில் இட்டு, பொட்டாசியம் பெர்சல்ஃபேட் என்னும் உப்பைச் சிட்டிகையளவு சேர்த்து, காற்றை விலக்கிச் சூடாக்கினால் சில மணி நேரத்தில் எண்ணெய் மறைந்துவிடும். நீலச் சாயல் படர்ந்த வெண்மையான பால் ஒன்று எஞ்சும். அந்தப் பாலின் ஒவ்வொரு துகளிலும் ஸ்டைரீன் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து, பாலிஸ்டைரீன் என்னும் நீண்ட சங்கிலிகளாகி அடங்கியிருக்கும். சங்கிலியின் ஒரு கண்ணி மோனோமர். சங்கிலி முழுவதும் பாலிமர்.

துகள்கள் எவ்வளவு நுண்ணியவையோ அவ்வளவு நல்லது என்று பாடப்புத்தகத்தில் படித்திருந்தேன். நான் போட்ட கணக்கு எளியது. துகள் நுண்ணியதாக வேண்டுமானால், அது பிறக்கும் எண்ணெய்த் துளி நுண்ணியதாக இருத்தல் வேண்டும். துளி நுண்ணியதாக வேண்டுமானால் வேகமாகக் கலக்க வேண்டும். எனவே கலக்கியை முழு வேகத்தில் சுழலவிட்டேன். குடுவையின் நடுவே பெருஞ்சுழி தோன்றிக் காற்றை உள்ளே இழுத்தது. காற்றிலுள்ள ஆக்ஸிஜன் வினைக்குப் பகை. ஆகவே நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நடந்ததோ, நடக்காதிருந்தாலே நலம் என்று சொல்லத்தக்கது. பால் திரிந்தது. கலக்கியைச் சுற்றி வெண்கட்டி ஒன்று திரண்டு, குடுவையின் வாய்க்குள் வரமாட்டேன் என்று நின்றுவிட்டது. என் ஆசிரியர் அதைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். “தம்பி, நீ துளியோடு மல்லுக்கு நின்றாய். காரியம் நடக்கும் இடம் துளி அன்று” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தின் பின்னே எவ்வளவு நீண்ட வரலாறு கிடக்கின்றது என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. ஆசிரியர் சொன்னதும் முழு உண்மையன்று என்பது அதற்கும் பின்னரே தெரிந்தது.

ஒன்றில் ஒன்று கரையாத இரு திரவங்களுள் ஒன்று மற்றொன்றினுள் நுண்துளிகளாகப் பரந்து நிற்பதைப் பால்மம் என்கிறோம். பசுவின் பால் ஒரு பால்மம். நீரினுள் கொழுப்புத் துளிகள். அப்படிப் பரந்து நிற்பது இயல்புக்கு மாறான நிலை. பரப்பு இழுவிசை துளிகளை மீண்டும் ஒன்றுசேர்க்கப் பார்க்கும். ஒரு லிட்டர் எண்ணெயை ஒரு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள துளிகளாக்கினால், அவற்றின் மேற்பரப்புகளின் கூட்டுத்தொகை 6 சதுர மீட்டர். ஒரு பெரிய ஜமக்காளத்தின் அளவு. அதே ஒரு லிட்டரை 100 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரைப் பதினாயிரம் கூறாக்கியதில் ஒரு கூறளவுள்ள துளிகளாக்கினால், மேற்பரப்பு 60,000 சதுர மீட்டராகின்றது. ஏறத்தாழப் பதினைந்து ஏக்கர் நிலம்! ஒரு லிட்டர் எண்ணெயைப் பதினைந்து ஏக்கராக விரிப்பதும், விரித்ததைச் சுருங்காமல் சோப்பினால் போர்த்துவதுமே நுண்பால்மம் ஆக்குவோனின் தொழில்.

நம் வீட்டு மத்து இவ்வேலையைச் செய்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். அது செய்வது நேர் எதிரான வேலை. கொழுப்புத் துளிகளை ஒன்றோடொன்று மோதவிட்டு, அவற்றின் போர்வையைக் கிழித்து, வெண்ணெயாகத் திரட்டுகிறது. என் குடுவையில் நான் செய்ததும் ஒருவகையில் வெண்ணெய் எடுத்ததுதான். கலக்குதல் என்னும் ஒரே செயல் பால்மத்தை ஆக்கவும் செய்யும், அழிக்கவும் செய்யும்.

ரசாயன அறிஞர்கள் இத்துறைக்குள் நுழைந்தது ஒரு மரத்தைப் பார்த்துத்தான். ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறினால் வடிவது பால்; மலேயாத் தோட்டங்களில் வேலை செய்த நம்மவர் அதை அப்படியே ‘பால்’ என்றும், தம் தொழிலைப் ‘பால் வெட்டுதல்’ என்றும் சொல்லினர். அந்தப் பாலில் ரப்பர் நுண்துகள்களாக நீரில் மிதக்கின்றது. புரதமும் கொழுப்பும் அத்துகள்களைப் போர்த்திக் காக்கின்றன. ஜெர்மனியின் பேயர் தொழிற்சாலையில் ஃபிரிட்ஸ் ஹோஃப்மன் 1909-ஆம் ஆண்டு ஐசோப்ரீனிலிருந்து செயற்கை ரப்பர் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அம்முறையில் வினை மிகவும் மெதுவாக நடந்தது. மரம் சாதாரண வெப்பத்தில், நீர்ப்பாலினுள் இதைச் செய்யும்போது நாம் ஏன் அப்படியே செய்யலாகாது என்ற எண்ணம் அங்கே பிறந்தது. முதல் உலகப் போருக்குச் சற்று முன்னர் அவர்கள் எடுத்த காப்புரிமைகளில் மோனோமரை நீரில் துளிகளாக்கி, முட்டையின் வெண்கரு, ஜெலட்டின், மாவுப்பொருள் ஆகியவற்றால் நிலைப்படுத்தும் முறை கூறப்பட்டுள்ளது. மரத்தை இவ்வளவு பணிவோடு பின்பற்றிய தொழிற்சாலையை வேறெங்கும் காண்பது அரிது.

ஆனால் போலச் செய்தலில் ஓர் ஊகம் அடங்கியிருந்தது. எண்ணெய்த் துளி ஒவ்வொன்றும் அப்படியே ரப்பர்த் துகளாக மாறும் என்பதே அவ்வூகம். என் குடுவையின் ஊகமும் அதுவே. அந்த முறையில் கிடைத்தவை பெரிய துகள்கள், பிடித்ததோ நெடுங்காலம்.

1920-களின் இறுதியில் நிலைமை மாறியது. அமெரிக்காவில் குட்இயர் நிறுவனத்தின் ரே டின்ஸ்மோரும், ஜெர்மனியில் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தாரும், வெண்கருவுக்குப் பதிலாகச் சோப்பைக் கையாண்டனர். நீரில் கரையும் தொடக்கிகளும் வழக்கிற்கு வந்தன. வினை விரைந்தது, துகள்கள் வியக்கத்தக்க வகையில் நுண்ணியவையாயின. 1929-ஆம் ஆண்டில் வால்டர் போக்கும் எடுவார்ட் சுங்கூரும் பியூட்டாடையீன், ஸ்டைரீன் இரண்டையும் சோப்புநீர்ப் பால்மத்தில் இணைத்துப் ‘பூனா-எஸ்’ என்னும் ரப்பரை ஆக்கினர். ஏன் விரைந்தது, ஏன் நுண்ணியதாயிற்று என்பதை விளக்கத்தக்க கொள்கை அப்போது எவரிடமும் இல்லை. சமையல் நன்றாக வந்தது, அவ்வளவே.

பின்னர்ப் போர் வந்தது. 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நின்றுபோயிற்று. மலேயாத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களுள் பெரும்பகுதியினர் தமிழர். தோட்டங்கள் செயலற்றுப் போக, அவர்களுள் பல்லாயிரவர் சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டனர். மிகப் பலர் திரும்பவில்லை. கடலுக்கு அப்பால் ஜெர்மானியர் ஆஷ்விட்ஸ் அருகே மோனோவிட்ஸ் என்னுமிடத்தில் சிறைமுகாம் மனிதரைக் கொண்டு ஒரு மாபெரும் பூனா ஆலையை எழுப்பினர். அங்கே உயிரிழந்தோர் ஆயிரக்கணக்கானோர். அந்த ஆலையிலிருந்து செயற்கை ரப்பர் ஒருநாளும் வெளிவரவில்லை. ரப்பரின் வரலாற்றைச் சொல்லும்போது யந்திரங்களை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை.

அமெரிக்க அரசு போட்டி நிறுவனங்களை ஒன்றாக அமர்த்தி, எல்லா ஆலைகளுக்கும் பொதுவான ஒரு செய்முறையை வகுக்கச் செய்தது. ரசாயன மாணவர்கள் அதைக் குறித்துக்கொள்ளலாம்: எடையில் பியூட்டாடையீன் 75 பங்கு, ஸ்டைரீன் 25, நீர் 180, சோப்பு 5, பொட்டாசியம் பெர்சல்ஃபேட் 0.3, சங்கிலியின் நீளத்தை அடக்கும் மெர்காப்டன் 0.5. வெப்பநிலை 50 டிகிரி. பன்னிரண்டு மணி நேரம் போல் வினை நடத்தி, முக்கால் பங்கு மோனோமர் ரப்பரானதும் நிறுத்திவிட வேண்டும். 1942 ஏப்ரலில் ஏக்ரன் நகரில் முதல் ரப்பர்க் கட்டு வெளிவந்தது. 1945-இல் அந்நாடு ஆண்டுக்கு ஏழு லட்சம் டன்னுக்கு மேல் செய்துகொண்டிருந்தது. அந்தப் பெருங்கலங்களில் சுழன்ற கலக்கிகள் என் குடுவையின் கலக்கியைப் போல் வெறிகொண்டு சுழலவில்லை. எண்ணெய் மேலே ஒதுங்காமலும், வினையின் வெப்பம் சுவருக்குப் பரவும்படியும் கலக்கினால் போதும் என்பதை ஆலையிலிருந்தோர் அனுபவத்தால் கண்டுகொண்டனர்.

ஏன் போதும் என்பதற்கு விடை சொன்னவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் வில்லியம் டிரேப்பர் ஹார்க்கின்ஸ். போர்க்கால ரகசியம் நீங்கியபின் 1947-இல் அவர் தம் கொள்கையை விரிவாக வெளியிட்டார். சோப்பை நீரில் ஓரளவுக்கு மேல் கரைத்தால், அதன் மூலக்கூறுகள் தலை வெளியேயும் வால் உள்ளேயுமாகச் சிறு சிறு கூட்டங்களாகத் திரளும். அக்கூட்டத்திற்கு மிசெல் என்று பெயர். குறுக்களவு 5 முதல் 10 நானோமீட்டர். கலக்கி உடைத்த எண்ணெய்த் துளியோ மைக்ரான் கணக்கில் இருக்கும். மிசெலைவிட நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு பெரியது. ஒரு கனசென்டிமீட்டரில் துளிகள் ஆயிரம் கோடி இருந்தால், ஒரு துளிக்குப் பத்துக்கோடி மிசெல்கள் வீதம் அங்கே இருக்கும்! பெர்சல்ஃபேட் நீரில் உடைந்து பிறக்கும் தனி உறுப்பு, இந்தக் கூட்டத்தினிடையே அலைந்து, எதில் போய் முட்டும்? துளியில் முட்ட வாய்ப்பே இல்லை எனலாம். மிசெலில் புகுகின்றது, அங்கே கரைந்திருக்கும் சொற்ப மோனோமரைக் கோக்கத் தொடங்குகின்றது, துகள் பிறந்துவிட்டது. துளியிலுள்ள மோனோமர் மூலக்கூறு மூலக்கூறாக நீரின் வழியே கசிந்து வந்து, வளரும் துகளுக்கு உணவாகின்றது.

ஆகவே துளி என்பது பட்டறையன்று, வெறும் கிடங்கு. மறு ஆண்டே, 1948-இல், ஸ்மித்தும் யூவார்ட்டும் இதனைக் கணிதமாக்கினர். துகள்களின் எண்ணிக்கை சோப்பின் அளவையும் தொடக்கியின் அளவையும் சார்ந்தது என்று அவர்களுடைய சமன்பாடு காட்டிற்று. கலக்கியின் வேகத்திற்கு அதில் இடமே இல்லை! என் ஆசிரியர் சொன்னதன் பொருள் இதுதான். அவர் சொற்படி மறுவாரம் கலக்கியை மெல்லச் சுழலவிட்டு, அதே அளவுகளில் மறுபடியும் செய்தேன். கட்டியில்லாத, நீலஞ்சாயும் பால் கிடைத்தது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் கலக்கும் யந்திரத்திற்குப் பாலிமர் வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பே கிடைத்திருக்கும். ஆனால் அந்த யந்திரம் வேறோர் இடத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. அதைக் காணப் பால்பண்ணைக்குப் போக வேண்டும். பிரெஞ்சுக்காரரான ஒகுஸ்த் கோலான் 1899-ஆம் ஆண்டு ஒரு யந்திரத்திற்குக் காப்புரிமை பெற்று, மறு ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் அதனைக் காட்டினார். உந்துதண்டுகள் பொருத்திய பம்பு ஒன்று, பாலை மிகுந்த அழுத்தத்தில் மயிரிழை போன்ற குழாய்களினூடே தள்ளியது. மூன்று நான்கு மைக்ரான் அளவுள்ள கொழுப்புத் துளிகள் ஒரு மைக்ரானுக்கும் கீழே சிதைந்தன. அந்தப் பாலில் ஆடை மேலே ஒதுங்குவதில்லை. பிற்காலத்தில் குழாய்களின் இடத்தில், இறுக்கமான விசையுடன் மூடி நிற்கும் வால்வு வந்தது. அதன் மெல்லிய இடுக்கு வழியே திரவம் பீறிட்டு வெளியேறும்.

துளி எவ்வாறு உடைகின்றது என்பதை முதன்முதலில் கண்ணால் காணும்படி செய்தவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜி. ஐ. டெய்லர். 1934-இல் அவர் செய்த பரிசோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒரு தொட்டியில் நான்கு உருளைகள். நடுவே கெட்டியான பாகு. பாகின் நடுவே ஒரே ஒரு துளி. உருளைகளைச் சுழற்றினால் பாகு துளியை இரு பக்கமும் இழுக்கும். மற்றொரு கருவியில் இரு பட்டைகள் எதிரெதிராக ஓடி, துளியை உராய்ந்து புரட்டும். சூழ்ந்த பாகைவிடப் பன்மடங்கு கெட்டியான துளியை எடுத்துக்கொண்டால், எவ்வளவு வேகமாக உராய்ந்தாலும் அது சற்றே நீண்டு உருண்டுகொண்டிருக்கும், உடையாது. அதே துளியை நான்கு உருளைகளிடையே இட்டு இழுத்தால் அறுந்துபோகும். சுழற்றுவது வேறு, இழுத்து அறுப்பது வேறு என்பது அன்று துலங்கிற்று. வால்வின் இடுக்கில் திரவம் திடீரென்று விரைவதால் துளி நீட்டப்படுகின்றது. அடுத்த கணமே கொந்தளிப்பில் சிக்குகின்றது. என் குடுவையின் கலக்கியால் இவ்விரண்டில் ஒன்றையும் போதிய அளவு செய்ய முடியாது.

இனி ஒரு கேள்வி எழுகின்றது. இத்தகைய யந்திரத்தால் மோனோமர்த் துளிகளையே 100 நானோமீட்டர் அளவுக்கு உடைத்துவிட்டால் என்ன ஆகும்? துளிகள் அப்போது கோடானுகோடியாகப் பெருகிவிடும். பதினைந்து ஏக்கர் பரப்பைப் போர்த்தவே சோப்பு செலவாகிவிடுமாதலால், மிசெல்கள் உண்டாக மிச்சமிராது. தனி உறுப்பு போய் முட்டுவதற்குத் துளியைத் தவிர வேறு இடம் இராது. பேயர் தொழிற்சாலையாரின் பழைய கனவு நனவாகிவிடும் அல்லவா?

ஆகாது, குறுக்கே ஒரு தடை நிற்கின்றது. சிறு துளியின் உள்ளே அழுத்தம் மிகுதி. 100 நானோமீட்டர்த் துளியில், சாதாரணப் பரப்பு இழுவிசை இருந்தாலும், நான்கு வளிமண்டல அளவுக்கு அது ஏறும். ஆகையால் சிறு துளியிலிருந்து மோனோமர் வெளியே கரைந்து பெரிய துளியில் போய்ச் சேர்கின்றது. சிறியது மேலும் சிறுத்து மறைகின்றது, பெரியது பெருக்கின்றது. ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டின் பெயரால் இந்நிகழ்ச்சி வழங்குகின்றது. எவ்வளவு அரும்பாடுபட்டு உடைத்தாலும், ஸ்டைரீன் நுண்பால்மம் சிறிது நேரத்திலேயே பருத்துவிடும். 1962-இல் ஹிகுச்சி, மிஸ்ரா என்னும் இருவர் இதற்கு ஒரு மருந்தைச் சுட்டினர். நீரில் சற்றும் கரையாத பொருள் ஒன்றைத் துளியினுள் சிறிதளவு வைத்துவிட்டால், அது வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கும். மோனோமர் வெளியேற வெளியேற, அப்பொருளின் செறிவு மிகுந்து, மோனோமரைத் திரும்ப ஈர்த்துக்கொள்ளும். துளிக்கு ஒரு நங்கூரம் இட்டதுபோலாகும்.

1973-ஆம் ஆண்டு அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் மூவர் கூடி ஒரு சிறு கட்டுரை வெளியிட்டனர். நார்வேயின் ட்ரான்ட்ஹெய்மிலிருந்து வந்திருந்த யோன் உகெல்ஸ்டாட், அங்கேயே பணிபுரிந்த முகம்மது எல்-ஆஸர், ஜான் வாண்டர்ஹாஃப் ஆகியோர் அம்மூவர். சோப்புடன் செட்டைல் ஆல்கஹாலைச் சேர்த்துத் துளிகளை மிக நுண்ணியவையாக்கினால், பாலிமர் துளியினுள்ளேயே பிறக்கின்றது என்று அவர்கள் காட்டினர். அடுத்து ஹெக்ஸாடெக்கேன் போன்ற நங்கூரப் பொருள்களும், உயர் அழுத்த யந்திரங்களும் சேர்ந்தன. சிறுபால்ம முறை என்று அதற்குப் பெயராயிற்று. கலக்கும் யந்திரத்திற்கு இழந்த இடம் திரும்பக் கிடைத்தது. ஹார்க்கின்ஸ் சொன்னது பொய்யாகிவிடவில்லை. துளி பெரியதாயிருக்கும் இடத்தில் அவர் கொள்கை இன்றும் செல்லும். சுவர்ப் பூச்சுக்கும் பசைக்கும் வேண்டிய பாலிமர்ப் பாலில் மிகப் பெரும்பகுதி இன்றும் மெல்லக் கலக்கும் பழைய முறையிலேயே ஆக்கப்படுகின்றது. ஆனால் மோனோமர் நீரின் வழியே கசிந்து வர முடியாதபடி நீரை வெறுப்பதாயிருந்தாலும், துகளுக்குள் நிறமியையோ பிசினையோ அடைத்து வைக்க வேண்டியிருந்தாலும், பழைய முறை பயன்படாது. அங்கே துளியையே துகளாக்கும் புதிய முறை வேண்டும்.

இதற்குச் செலவு எவ்வளவு? கால் பங்கு எண்ணெயுள்ள ஒரு லிட்டர் பால்மத்தில் புதிய பரப்பை உண்டாக்கத் தேவையான ஆற்றல் 150 ஜூல் அளவே. அதை 400 வளிமண்டல அழுத்தத்தில் ஒருமுறை வால்வில் செலுத்த யந்திரம் செலவிடுவதோ 40,000 ஜூல். நூற்றில் ஒரு பங்குகூடப் பரப்பாகவில்லை, மற்றதெல்லாம் வெப்பம். ஒருமுறை கடந்ததும் பால்மம் பத்து டிகிரி போல் சூடேறும். மோனோமர் யந்திரத்தினுள்ளேயே பாலிமராகத் தொடங்கிவிட்டால் வால்வு அடைபடும். எனவே உடனுக்குடன் குளிர்விக்க வேண்டும். சோதனைச்சாலைகளில் ஒலியைக் கொண்டு உடைப்பதும் உண்டு. 1927-இல் உட், லூமிஸ் இருவரும் செவிக்கு எட்டாத வன்மையான ஒலியலைகளால் எண்ணெயும் நீரும் பால்மமாவதைக் காட்டினர். அந்த ஒலிமுனையைச் சிறு குவளையில் நுழைத்தால் சில நிமிடத்தில் காரியம் முடியும். ஆனால் முனையிலிருந்து அகன்ற இடத்தில் துளி உடைவதில்லையாதலால், பெருங்கலத்திற்கு அது எளிதில் ஒத்துவருவதில்லை.

லீஹை மூவரில் இருவருடைய பிற்கால வேலை, கலக்குதலின் இரு முகங்களையும் காட்டுகின்றது. ஒரே அளவான, 10 மைக்ரான் போன்ற பெரிய துகள்களைச் செய்ய வாண்டர்ஹாஃப் விரும்பினார். பூமியில் அவ்வளவு பெரிய துகளை வளர்த்தால், மோனோமர் லேசானதாகையால் மேலே மிதக்கும். பாலிமர் கனமானதாகையால் அடியில் படியும். படியாதிருக்க வேகமாகக் கலக்கினால், என் குடுவையில் நேர்ந்ததுபோல் திரிந்துவிடும். எடையே இல்லாத இடத்தில் மெல்லக் கலக்கினால் போதுமே என்று அவர் தம் கலத்தை வானுக்கு அனுப்பினார். 1982 மார்ச்சில் கொலம்பியா விண்ணோடத்தில் அது முதன்முறை சென்றது. விண்வெளியில் ஆக்கிய 10 மைக்ரான் மணிகளை 1985-இல் அமெரிக்கத் தரநிர்ணய நிலையம், நுண்ணளவுகளைச் சரிபார்க்கும் அளவுகோலாக விற்பனைக்கு வைத்தது. விண்ணில் செய்து மண்ணில் விற்ற முதல் சரக்கு அதுவே.

உகெல்ஸ்டாட் வானுக்குப் போகவில்லை. ட்ரான்ட்ஹெய்மில் தம் மேசையிலேயே அவ்வாறான மணிகளைச் செய்தார். முதலில் சிறு துகள்களை விதையாக வைத்துக்கொண்டார். நீரை வெறுக்கும் நங்கூரப் பொருளை அவற்றுக்குள் செலுத்தினார். அதன்பின் அந்த விதைகள் தம் பருமனைப்போல் நூறு மடங்குக்கும் மேலான மோனோமரை உறிஞ்சி, எல்லாம் ஒரே அளவில் உப்பின. அவற்றின் நுண்துளைகளில் இரும்பு ஆக்ஸைடைப் புகுத்திக் காந்தத்திற்கு வசப்படுத்தினர். 1980-களில், குழந்தைகளைத் தாக்கும் ஒருவகைப் புற்றுநோயில், எலும்பு மஜ்ஜையினின்று நோயுற்ற செல்களை மட்டும் காந்தத்தால் இழுத்தெடுக்க அம்மணிகள் பயன்பட்டன. நங்கூரப் பொருள் அந்த விதைகளுக்குள் புக வேண்டுமானால், அது முதலில் விதையைவிட நுண்ணிய துளிகளாக உடைபட வேண்டும். அதற்கு அவர் கையாண்டது, கோலான் பாலுக்கென்று செய்த யந்திரத்தின் வழிவந்த, வால்வு பொருத்திய ஒரு சிறு அழுத்த யந்திரம்.